நூற்று எண்பத்தொரு பாகை

ஜூலை 15, செவ்வாய்
மழை. மிளகு காயவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகள் ஜெனிற்றாவுக்கு இன்று வலயக் கணிதப் போட்டி. கணக்குப் படிப்பிக்கும் யோகராஜ் சேரின் லப்டொப்பில் முக்கோணி வரைந்து, உச்சியை எங்கே இழுத்தாலும் மூன்று கோணமும் சேர்ந்து 180 பாகைதான் என்று காட்டப் போகிறாள். நேற்று கடையில் எனக்கும் காட்டினாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அன்று இப்படி யாராவது காட்டியிருந்தால் நின்றிருப்பேனா?

அதே நாள், மாலை
நடுவர் ஒருவர் தானே உச்சியை இழுத்தாராம். திரையில் 60, 60, 61. கூட்டிப் பார்த்துவிட்டு, "தோட்டத்து முக்கோணிக்கு மட்டும் ஒரு பாகை கூடவா மகள்?" என்றாராம். மண்டபமே சிரித்ததாம்.
"இனி அந்தப் பெட்டியத் தொட மாட்டேன்பா." சாப்பிடவும் இல்லை.
பிழைன்னா பிழைன்னு சொல்லு. தோட்டம் எதுக்குய்யா நடுவுல வருது?

ஜூலை 16, புதன்
மிளகுப் பையை நிறுக்கும்போதுதான் மண்டையில் பட்டது. என் தராசு நூறு கிராமுக்குக் கீழே உள்ள மிச்சத்தைக் காட்டாது. மூன்று பையைத் தனித்தனியே நிறுத்தால் ஒரு நிறை, சேர்த்து நிறுத்தால் கொஞ்சம் கூட. தோட்டத்து ஆட்களிடம் மிளகு வாங்கும்போது தனித்தனியே நிறுப்பதில்தான் எனக்கு ஆதாயம் — அது எனக்கும் நான் எழுதும் இந்தக் கொப்பிக்கும் மட்டும் தெரிந்தது.
ஜெனிற்றாவிடம் தராசைக் காட்டினேன். ஓடிப்போய் சேரிடம் லப்டொப்பை வாங்கி வந்தாள். தசமத்தோடு பார்த்தால் 59.6, 59.7, 60.7. கூட்டினால் 180!
"தசமத்த விட்டுட்டு, கிட்ட இருக்கிற முழு எண்ணுக்கு மட்டந்தட்டிக் காட்டியிருக்குப்பா!"
நடுவருக்குப் போன் எடுத்தேன். "முடிவு முடிவுதான் முதலாளி. பிள்ளை அங்கயே சொல்லியிருக்கணும்."
பதினஞ்சு வயசுப் பிள்ள, அத்தனை பேர் சிரிக்கிற நடுவுலயா? படிச்ச உனக்குத் தெரியலையே! — இதைப் போனை வைத்த பிறகுதான் சொன்னேன். அதுவும் எரிச்சல்.

ஜூலை 21, திங்கள்
யோகராஜ் சேர் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிப் போட்டதற்கும் பதில் இல்லை.

ஜூலை 25, வெள்ளி
தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஜெனிற்றா மறுபடியும் காட்டினாள். வேண்டுமென்றே அந்த 60, 60, 61 முதலில். பிறகு எண்களை எல்லாம் அழித்தாள். உச்சி வழியாக, அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு. கீழிருந்த இரண்டு கோணங்களும் மேலே வந்து, மூன்றும் அந்த நேர்கோட்டில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தன. கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்த மருதாயி அக்கா எழுந்து போய் உச்சியை இழுத்தார். முக்கோணி கோணிப் போனது. மூன்று கோணமும் கோட்டை விட்டு நகரவில்லை. யாரும் சிரிக்கவில்லை.
"அப்ப அந்த ஒரு பாகை எங்கருந்து பிள்ள வந்துச்சு?" என்று அக்கா கேட்டார்.
"தனித்தனியா மட்டந்தட்டினா கணக்குப் பிசகுங்க. எங்கப்பா தராசுல மூணு பைய தனித்தனியா நிறுத்தா குறையுதுல்ல, அந்த மாதிரி."
கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

ஜூலை 27, ஞாயிறு
கடை திறக்கும்போதே மருதாயி அக்கா மூன்று பை மிளகோடு நின்றார். ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தேன்.
"மூணையும் சேத்து வைங்க முதலாளி."
சேர்த்து வைத்தேன். பின்னால் நின்ற நாலு பேரும் பைகளை வரும்போதே ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.