வட்டம் போடவேண்டிய இடத்தில்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நண்பன் அறையில் இருக்கிறேன், வீட்டுக்கு வரமாட்டேன். துப்பறியும் பிரிவிலிருந்து என்னை மாற்றிய உத்தரவை எழுத்தரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாய். பக்கத்து அறைதானே, நீயே வந்து கொடுத்தால் கால் தேய்ந்துவிடுமா?

காணாமல்போன தையல்காரரின் போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்று கேட்டாய். சொன்னேன். "எங்கன்னு காட்டுடா, ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாய். வரைபடத்தில் புள்ளி வைத்தேன். டவரைச் சுற்றி இரண்டு கிலோமீட்டரில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், வட்டம்தான் போடவேண்டும். அது உனக்கும் தெரியும். ஐம்பது பேர் ஒரே தெருவை இரண்டு நாள் சலித்ததற்கு நானா பொறுப்பு? நீதானே தலைமை.

தம்பி

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அம்மா போனில் கேட்டால் சாப்பிட்டுவிட்டேன் என்று புளுகுகிறாயாம். முதலில் சாப்பிடு.

ஆமாம், நான்தான் தலைமை. அறிக்கையில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. வேறு யார் புள்ளி வைத்திருந்தாலும், "எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம்?" என்று கேட்டிருப்பேன். உன்னைக் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய், வீட்டில் ஒரு வாரம் பேசமாட்டாய். அதற்குப் பயந்தேன். அப்படிப் பயப்படுகிறவளுக்குக் கீழே நீ வேலை செய்யக் கூடாது.

தையல்காரர் விழுந்து கிடந்த, பாதியில் நின்றுபோன அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் குழி நீ போடாத வட்டத்துக்குள்தான் இருந்தது. இரண்டாம் நாள் மாலைவரை அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. வியாழன் காலை அவர் மகளிடம் இதைச் சொல்லப் போகிறேன். நீயும் வா.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

அந்த வியாழனுக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. வியாழக்கிழமை வராததற்கு அவற்றில் நான் சொன்ன காரணமெல்லாம் சும்மா. பயம், அவ்வளவுதான்.

நேற்று தையல்காரரின் மகள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். புள்ளி வைத்தது நான் என்று சொன்னேன். அந்தப் பெண் கத்தவில்லை. "அப்பா எனக்கு போன் பண்ணாரா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய போனைத் திறந்து பார்த்தவன் நான். இல்லை என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார், குழிக்குள் சிக்னல் இல்லாததால் ஒன்றும் வந்து சேரவில்லை என்றேன்.

"ரெண்டு நாளும் போனைக் கையிலயே வெச்சிருந்தேன்" என்றார்.

கிளம்பும்போது உன்னைப் பற்றிச் சொன்னார். "உங்க அக்கா வந்தப்போ ரொம்ப நேரம் உள்ளயே வரல. தெருவையே பாத்துக்கிட்டு நின்னாங்க. யாராவது வரணுமான்னு கேட்டேன். இல்ல, யாரும் இல்லன்னாங்க."

தம்பி