ஹெஸ்டருக்கு ஒரு கல்வெட்டு

ஓகஸ்ட் 12, 2025, செவ்வாய்

டோட்முண்டில் ஒருவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்தேன். செத்தவர் தன் தம்பியோடு வருடக்கணக்காகப் பேசாதவர். "அன்பின் உறைவிடம்" என்று போட்டேன். அந்தத் தம்பியே தேம்பி அழுதாராம். இந்த ரூர்ப் பக்கத்தில் எந்தத் தமிழர் கண்ணை மூடினாலும், பிறந்த ஊர், தாய் தகப்பன், படிப்பு, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆளை விருத்தத்தில் ஏற்றிக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகமாக்குவது நான்தான். பகலில் பூக்கடையில் ஜேர்மன்காரருக்கு மலர்வளையம், பின்னேரம் தமிழருக்குப் பாட்டு. இரண்டிலும் என்னை வெல்ல ஆளில்லை. என்னுடைய நாட்குறிப்பிலும் நான் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

இவர் சொல்கிறார், "கலா, உன்னைக் கண்டால் வயது போனதுகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிப் போகுதுகள்." என் புருஷன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு வாய்க்கொழுப்பு.

ஆனால் இன்றைய செய்தி வேறு. ஹெஸ்டர் மார்ஷ்வுட் வருகிறார்! இங்கிலாந்தில் இருந்து, நேரே இந்தக் கெல்சென்கிர்ச்சனுக்கு, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கூட்டத்துக்கு. எண்பத்தொரு வயது. எசனில் ஆங்கில இலக்கியம் படிக்கும் எங்கள் மகள் மிதுசா ஒருநாள் மேசையில் விட்டுப்போன புத்தகம்தான் "ஈர விறகு". ஒரு கவிதை வாசித்தேன், அன்று சோறு அடிப்பிடித்தது. பிறகு அவ்வளவையும் தமிழாக்கி, எழுதிக் கேட்டு, அனுமதியும் வாங்கினேன். இப்போது எனக்கு அவருடைய நாவல் வேண்டும். "கழிமுகத்து மணி". அதற்கு மட்டும் பிடி கொடுக்கவில்லை. "என் சொற்களைக் கொண்டுபோகிற பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

பார்க்கட்டும். முகத்துக்கு என்ன குறை?

ஓகஸ்ட் 24, ஞாயிறு

கூட்டத்தில் கொடுக்க ஹெஸ்டரின் வாழ்வும் படைப்பும் பற்றிச் சின்னப் புத்தகம் வேண்டும் என்று சங்கத் தலைவர் குமாரசாமி அண்ணை கேட்டார். "உங்களை விட்டால் ஆர் பிள்ளை?" அது உண்மை.

காலையில் இருந்து எழுதினேன். தகப்பன் படகு செய்யும் தச்சர். தாய் சந்தையில் சிப்பி விற்றவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊரெல்லாம் பேசுவதைக் காதில் வாங்கி, அதையே முதல் நாவலாக்கினாராம். அந்த ஊர் பிறகு அவரோடு பேசவில்லை. புருஷன் விட்டுப்போனார். ஒரு மகளைத் தனியாக வளர்த்து, அவள் தூங்கிய பிறகு எழுதி, நான்கு நாவல், மூன்று கவிதைத் தொகுப்பு. நான் எழுதியவர்களில் இப்படி ஒரு சீவியம் இல்லை. உரைநடை போதவில்லை. விருத்தம் தானாக வந்தது:

உப்புநீர் சூழ்ந்த ஊரில் ஓடமே செய்யும் தச்சன்
ஒப்பிலா மகளாய் வந்தாள். உள்ளதை உள்ள வாறே
செப்பினாள் கவிதை யாகச் சீமையே கேட்ட தம்மா!
தப்பிலாத் தமிழும் இன்று தன்மடி தந்த தன்றே.

நானே எழுந்து நின்று ஒருதரம் பாடிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது!

ஓகஸ்ட் 29, வெள்ளி

அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. என் கல்வெட்டுகளை எல்லாம் அடிக்கும் கஜரூபன்தான். "அக்கா, புரூஃப் பாக்கிறியளோ?" என்று கேட்டான். "என்ரை எழுத்திலை எப்ப பிழை வந்தது? வழக்கம்போல அடி" என்றேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

ஐயோ. ஐயோ. ஐயோ.

பெட்டி வந்தது. திறந்தேன். அட்டையில் ஹெஸ்டரின் படம், நீள்வட்டத்துக்குள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே "அமரர் ஹெஸ்டர் மார்ஷ்வுட்". கீழே "தோற்றம்: 1944". பக்கத்தில் "மறைவு:" என்று போட்டு வெறும் இடம்.

உயிரோடை இருக்கிற மனுசியைக் கொன்றுபோட்டாங்களே!

கஜரூபனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவன் பாவம். "அக்கா, நீங்கள் அனுப்புறது எல்லாம் செத்த ஆக்களின்ரைதானே. ஊர், தேப்பன், தாய், விருத்தம், எல்லாம் அப்பிடியே கிடந்தது. வழக்கம்போல எண்டும் சொன்னியள். மறைவுத் திகதிதான் இல்லை, பிறகு பேனையாலை எழுதுவியள் எண்டு விட்டிட்டன்."

புரூஃப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன வாய் என்னுடையது. இரவே பெட்டியை நிலவறைக்குள் இறக்கினோம்.

செப்டெம்பர் 19, வெள்ளி

கஜரூபன் வழக்கம்போல தமிழ்க்கடைகளிலும் ஒரு கட்டு வைத்துவிட்டானாம்! காலையில் இருந்து போன். "ஆத்மா சாந்தியடையட்டும்." "எத்தினை மணிக்குக் கூட்டம்? சாப்பாடு இருக்கோ?" குமாரசாமி அண்ணை கூட்டத்தையே நிப்பாட்டுவோமா என்கிறார். மிதுசா அழுகிறாள். "அம்மா, நான் கூப்பிட்டுத்தான் அவ வாறா. என்ரை பேராசிரியரும் வாறார்." நாவல் போச்சுது. அது போகட்டும், என்ரை பிள்ளையின்ரை முகம்?

செப்டெம்பர் 21, ஞாயிறு

கூட்டத்தை நிப்பாட்டவில்லை. நேற்று அங்கே நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஹெஸ்டர் முன்வரிசையில் இருந்தார். சின்ன உருவம், ஆம்பிளைச் சப்பாத்து, கூரான கண். நான் பல்லெல்லாம் காட்டி வணக்கம் சொன்னேன். எல்லாம் தப்பிவிட்டது என்று நினைத்த நேரம், வெள்ளைச் சேலையோடு பாலாம்பிகை அக்கா உள்ளே வந்தார், கையில் கடையில் எடுத்த அந்தப் புத்தகம். ஹெஸ்டரைப் பார்த்துவிட்டு என்னிடம், "இவ ஆர் கலா, செத்தவவின்ரை தமக்கையோ? உரிச்சுப் படைச்சமாதிரி இருக்கிறா." நான் வாய் திறக்க முதல் ஹெஸ்டரின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்து, புத்தகத்தையும் அந்தக் கையிலேயே வைத்துவிட்டார்.

ஹெஸ்டர் தன் முகத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்ன?"

பொய் சொல்லலாம், வாயில் வந்தும் நின்றது. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஏலாது. நான் மைக்கை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் படிப்பித்த ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் சனம் ஒருவரின் வாழ்க்கையை முழுதாக மதித்துப் பாடுவது அவர் செத்த பிறகுதான். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை அதுதான். அதை உங்களுக்குச் செய்தேன், நீங்கள் சாகக் காத்திருக்காமல். பிழை அச்சகத்தில் இல்லை, என் திமிரில்.

ஹெஸ்டர் கேட்டார், "பாட்டு என்றால், பாடுவீர்களா?"

பாடினேன். கல்வெட்டு பாடுகிற அதே இராகத்தில், தச்சன் மகளில் தொடங்கி. தாயின் சிப்பிக் கூடை வரும் மூன்றாவது விருத்தத்தில் பின்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம். பழக்கதோஷம்! தனியாக வளர்த்த மகள் வந்த இடத்தில் பாலாம்பிகை அக்கா வாய்விட்டே அழுதார். பெண்கள் எல்லோரும் சேலைத்தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழ, அழப்பட்டவர் நடுவில் கதிரையில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். மிதுசா ஒவ்வொரு வரியாகக் காதில் சொன்னாள்.

"இவ்வளவு பேரும் எனக்காகவா அழுகிறார்கள்?"

"ஓம்," என்றேன் தமிழிலேயே.

"என் ஊரில் ஒருவரும் அழவில்லை. வழக்குத்தான் போட்டார்கள்." சிரிக்கத் தொடங்கினார், பிறகு அவருக்கும் கண் கலங்கியது. "என் தாயின் சிப்பிக் கூடையை ஒரு விமர்சகரும் கண்டதில்லை. நாவலை எடுத்துக்கொள்ளுங்கள்." இவரை அனுப்பி நிலவறைப் பெட்டியை எடுப்பித்து, அதில் இருந்த அவ்வளவு புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டார். "அமரர்" என்பதன் பொருளைக் கேட்டு, சாகாதவர் என்று மிதுசா சொன்னதும், அதை வெட்ட வேண்டாம் என்றுவிட்டார்.

மிதுசா எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப் பிடித்தாள். "என்ரை அம்மா" என்று பேராசிரியருக்குச் சொன்னாள். எனக்கு இனி என்ன வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

நாவலில் ஏழாம் அத்தியாயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டைகளின் பேச்சை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைப் பேச்சாக்கினேன். அருமை.

இங்கிலாந்தில் இருந்து உறை வந்தது. ஹெஸ்டர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி! மிதுசாவிடம் களவாகக் கேட்டறிந்து, எங்கள் ஒழுங்கிலேயே: ஊர், ஐயா, அம்மா, இவர், பிள்ளை, மலர்வளையம். "இந்த நகரில் இவளைவிட நன்றாக எழுதுபவர் யாரும் இல்லை, இவளிடமே கேட்டு உறுதிசெய்தேன்" என்று ஒரு வரி. இவர் வாசித்துக் கதிரையில் விழுந்து சிரிக்கிறார். அடியில், "தோற்றம்: 1966. மறைவு:" அதற்குப் பக்கத்தில் பென்சிலால், "அவசரமில்லை."

உலகத்துக்கெல்லாம் எழுதினேன், எனக்கு ஒருவர் எழுதுவார் என்று நினைத்ததில்லை. அழுதேன், நல்லாய் அழுதேன்.

தமிழாக்கிவிட்டேன். அந்த வரியையும் விடவில்லை, உண்மையை ஏன் மறைக்க வேண்டும்? பிறகு கஜரூபனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, ஒரு சின்னப் புத்தகம். ஓம், ஆள் உயிரோடைதான். புரூஃபை எனக்கு அனுப்பு."