அதிரக் கூடாத பெட்டி

இன்று காலை சொலூஷன் ரியூப்பின் மூடியைத் திருகியதும் நீ வந்துவிட்டாய். ரயர் ஒட்டும் அந்தப் பசையின் வாசனை உன் விரல்களை விட்டு ஒருநாளும் போனதில்லை. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாய். அப்படியும், "கறியில உப்புக் காணாது, சொலூஷன் காணும்" என்று சொல்லிக்கொண்டே தின்பாய்.

நான் ஒட்டுவது ரயர் இல்லை. அலுமாரிக்கு மேல் கிடந்த அந்தப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைத்தான். உனக்கு நினைவிருக்கும். நீ நாலு வருடமாகக் கேட்டும் நான் பெட்டி அடித்துத் தராத ஸ்பீக்கர்.

போன மாதம் ஓட்டோக்காரச் சீலன் வந்து கேட்டான். ஓட்டோவின் பின் சீற்றுக்குப் பின்னால் சப்வூபர் ஒன்று போடப்போகிறானாம். கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ இல்லை, எனக்கு அது எதற்கு. கதிரை போட்டு ஏறி இறக்கினேன். தூசியைத் தட்டுவோம் என்று விரலை வைத்தால், கூம்பின் ஓரத்தில் சுற்றிவரும் பஞ்சு வளையம் அப்படியே மாவாய்க் கொட்டியது. தொட்ட இடமெல்லாம் பிசுபிசுத்துக் கையில் ஒட்டியது. ஒருநாள்கூடப் பாட்டுப் போடாத ஸ்பீக்கர் அது.

"ஐயா, இது சும்மா கிடந்தே உக்கிப்போச்சு" என்றான் சீலன். "பாவிச்சிருந்தால்கூட இவ்வளவு பழுதாகியிராது. எனக்கு வேண்டாம்."

அவன் போன பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். எறிந்துவிடுவதா, திருத்திப் பெட்டி அடிப்பதா? எறிவதுதான் புத்தி. எழுபத்திரண்டு வயதில், யாரும் கேட்காத ஒரு ஸ்பீக்கருக்கு யாருக்காகப் பெட்டி அடிப்பது?

உனக்குத் தெரியும், நெஞ்சை இடிக்கிற அந்தத் தடித்த அடித்தொனி, பேஸ், எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. முப்பது வருடம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன் நான். செத்த வீடு, சாமத்திய வீடு, திருவிழா என்று எதற்குப் போனாலும் என் கொள்கை ஒன்றுதான்: சொல் விளங்க வேண்டும். கடைசி வரிசையில் இருக்கிற கிழவிக்கும் தேவாரத்தின் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். அதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. எரிந்துபோன அம்பிளிபயர்களைப் பிரித்துப் பிரித்து நானாகப் படித்தது. பிறகு இளம் பொடியள் ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டிகளோடு வந்தார்கள். "ஐயா, உங்கட செட்டில பேஸ் காணாது" என்று கோயில் சபை ஒரு வார்த்தையில் என்னைக் கழித்துவிட்டது. தேவாரத்துக்கு எதற்குப் பேஸ் என்று கேட்டேன். அந்த வருடத் திருவிழாவைப் பொடியளுக்கே கொடுத்தார்கள். செட்டை விற்றேன். வாங்கியவன் தனியாகக் கிடந்த இந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனான்.

அதே வருடத் திருவிழாவில்தான் நீ எனக்கு அந்த வேலையைச் செய்தாய்.

கடைசிச் சண்டையில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லோடு உன் இரண்டு காதும் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தர்மபுரம் சந்தியில் திரும்பவும் சைக்கிள் கடையைப் போட்டாய். சில்லைச் சுற்றிவிட்டு, ஸ்குரூ டிரைவரின் நுனியை அச்சில் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பாய். உள்ளே உருளும் போல்ஸ் குண்டுகள் தேய்ந்ததா இல்லையா என்று சரியாகச் சொல்லுவாய். யாராவது கண்ணை விரித்தால், "நான் பல்லால கேக்கிறன். நீங்கள் காதை வச்சுக்கொண்டு என்னத்தைக் கிழிச்சனீங்கள்" என்பாய். வாயைப் பார்த்தே கதை பிடிப்பாய். நான் உன் முகத்துக்கு நேரே நின்று பேசப் பழகினேன். எனக்கு அது ஒரு பாரமாக இருந்ததில்லை.

அந்தத் திருவிழாவில் பொடியளின் பெட்டிக்குப் பக்கத்தில் நீ நின்றாய். உன் மனைவி பாக்கியமும் பக்கத்தில் நின்றார். தவில் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. நீ சும்மா சாய்ந்து நிற்கத்தான் கையை வைத்தாய் என்று நினைக்கிறேன். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பெட்டியில் வைத்தாய். கண்ணை மூடினாய். தலை தானாக ஆடத் தொடங்கியது. சனம் பார்த்தது. பாக்கியம் உன் சேட்டைப் பிடித்து இழுத்தார். நீ அசையவில்லை. முடிந்ததும் என்னைத் தேடி வந்து, ஊருக்கே கேட்கிற சத்தத்தில், "அடாப்பா, தவில் வந்தது. கைக்குள்ளால வந்தது" என்றாய்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சண்டை முடிந்து வந்த நாளிலிருந்து என்னுடைய குழாய் ஒலிபெருக்கிகளுக்குக் கீழே உன்னை இருத்தி எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்திருப்பேன். உனக்கு ஒன்றும் வந்ததில்லை. அவர்களுடைய பெட்டிக்கு வந்துவிட்டது.

அடுத்த நாளே கடையில் வைத்துக் கேட்டாய். "உன்னட்ட ஒரு ஸ்பீக்கர் மிச்சம் கிடக்குத்தானே. எனக்கு ஒரு பெட்டி அடி."

"சும்மா பெட்டி அடிக்கேலாது" என்றேன். "பதினெட்டு மில்லிமீற்றர் பிளைவூட் வேணும். உள்ளுக்குக் குறுக்குச் சட்டம் வேணும். பெட்டி அதிரக் கூடாது. கூம்புதான் அதிர வேணும்."

நீ உள்ளே போய், பழைய ரியூப்புகள் போட்டு வைத்திருந்த தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு என் முன்னால் வைத்தாய். மூலைகளில் தகரம் அடித்த, மெல்லிய பலகைப் பெட்டி. "இதுக்குள்ள போடு."

"இதுவோ? இது தட்டினாலே கிடுகிடுக்குது. இதுக்குள்ள போட்டால் என்ர பேர் கெட்டுப்போம்."

"உனக்கு இப்ப ஆர் பேர் வச்சிருக்கினம்?" என்று சிரித்தாய். எனக்கு அது தைத்தது. செட்டை விற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நல்ல பிளைவூட் வரட்டும் என்றேன். கிளிநொச்சியில் கிடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. வவுனியாவுக்குப் போகும்போது பார்க்கலாம் என்றேன். போனேன், பார்க்கவில்லை. நீ ஒவ்வொரு தையும் ஒவ்வொரு ஆடியும் கேட்டாய். நான் ஒவ்வொரு தரமும் அதே கதையைச் சொன்னேன். ஒருநாள் ரயருக்குக் காற்றடிக்க வந்த யாரோ, "ஏன் அண்ணை, மனுசன் ஆசைப்படுறார், ஒண்டை அடிச்சுக் குடுங்கோவன்" என்றதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செவிடனுக்கு எந்தப் பெட்டி எண்டாலும் ஒண்டுதானே, என்ன அவசரம்" என்றேன்.

பக்கவாட்டிலும் நீ வாய் பார்ப்பாய் என்பதை மறந்துபோனேன்.

நீ கையில் இருந்த ரியூப்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஓம், எனக்கு எந்தப் பெட்டியும் ஒண்டுதான். அதாலதான் கெதியா அடி எண்டுறன்."

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. காலில் புண் வந்து, படுத்து, போன வைகாசியில் போனாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. என் பேரைப் பற்றி நீ சொன்னதும் சின்னக் கதை இல்லை. என் சொல்லையும் உன் சொல்லையும் இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சீலன் வேண்டாம் என்று விட்டுப்போன ஸ்பீக்கரை நான் எறியவில்லை. பிய்ந்த பஞ்சை முழுதாகச் சுரண்டி எடுத்தேன். பழைய வேட்டியில் வளையமாகத் துணி வெட்டி, உன் முறைப்படி இரண்டு பக்கமும் சொலூஷன் பூசி, காய விட்டு, திரும்பவும் பூசி ஒட்டினேன். ரப்பர்போல வந்தது. என்னிடம் மிஞ்சியிருந்த சின்ன அம்பிளிபயரில் கொடுத்து, கைத்தொலைபேசியில் இருந்த தவில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரை என் மேசையில் முகம் குப்புற வைத்திருந்தேன். இரண்டு விரல் தடிப்புள்ள முதிரைப் பலகை. என் கொள்கைப்படி அதுதான் அசையாத பலகை.

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மேசையில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது.

துணி சரியாக ஒட்டவில்லையாக்கும், பிறகு பார்ப்போம் என்று, தவில் ஓடிக்கொண்டிருக்கவே கதிரையில் ஏறி அதைப் பழைய இடத்திலேயே, அலுமாரிக்கு மேல் வைத்தேன். உனக்குத் தெரியும், அந்த அலுமாரி ஒட்டுப்பலகையில் செய்தது, கதவு கடதாசிபோல. விழுந்துவிடாமல் இருக்கக் கதவில் கையை ஊன்றினேன். தவில் என் உள்ளங்கைக்குள் வந்தது. இடந்தலை தனியாக, வலந்தலை தனியாக. முழங்கை வரைக்கும் ஏறியது.

கதிரையில் நின்றபடியே விளங்கிவிட்டது. அன்றைக்குப் பொடியளின் பெட்டி கைக்குச் சொன்னது ஏன் என்றும் விளங்கியது. மலிவுப் பலகை, கிடுகிடுக்கிற பெட்டி. பெட்டி அதிரக் கூடாது என்பது கேட்கிறவனுக்கான விதி. கை வைக்கிறவனுக்குப் பெட்டிதான் அதிர வேண்டும். நான் சொன்னபடி பதினெட்டு மில்லிமீற்றரில், குறுக்குச் சட்டம் போட்டு, கேட்ட உடனேயே அடித்துத் தந்திருந்தாலும் நீ கை வைத்து ஒன்றும் அறிந்திருக்க மாட்டாய். நீ கொண்டுவந்து வைத்த தேயிலைப் பெட்டிதான் சரியான பெட்டி. அது உனக்குத் தெரிந்திருந்ததா, அல்லது கைக்கு எட்டியதை எடுத்து வந்தாயா, எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை.

சண்டைக் காலத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத நாட்களில் நாங்கள் ரேடியோ கேட்டதை நினைத்துக்கொண்டேன். உன் கடையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நீ பெடலைக் கையால் சுற்றுவாய். டைனமோவில் வருகிற மின்சாரத்தில் நான் நிலையத்தைப் பிடிப்பேன். சுற்று குறைந்தால் செய்தி இழுபடும். "கெதியாச் சுத்து" என்பேன். "செய்தி நல்லதெண்டால் சொல்லு, கெதியாச் சுத்திறன்" என்பாய். கை மரத்துப்போகும் வரைக்கும் சுற்றினாய். நான் காதை வைத்துக்கொண்டு இருந்தேன்.

பெட்டியைக் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். தேயிலைப் பெட்டி குசினிக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வைக்கோலில் ஒரு சிவத்தப் பேட்டுக்கோழி அடை கிடந்தது.

"பாக்கியம், எனக்கு இந்தப் பெட்டி வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். "இப்பவோ அண்ணை?" என்றார். பிறகு, "நேற்றுத்தான் முட்டை வச்சனான். இருபத்தொரு நாள் பொறுங்கோ."

"கோழியை வேற பெட்டிக்கு மாத்தலாமே."

"மாத்தினால் அடையை விட்டுப்போடும். நீங்கள் அவரை எத்தினை வருசம் பொறுக்க வச்சனீங்கள்? இருபத்தொரு நாள் பொறுக்கேலாதோ?"

நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"செய்து முடிச்சால் என்னையும் கூப்பிடுங்கோ. அண்டைக்கு அந்தாள் கையை வச்சுக்கொண்டு நிண்டவர். நான் வெக்கத்தில சேட்டைப் பிடிச்சு இழுத்தனான். என்னத்தைக் கேட்டவர் எண்டு எனக்குத் தெரியாது. நானும் ஒருக்கால் கை வச்சுப் பாக்க வேணும்."

ஆகவே பெட்டி அடிக்கப்போகிறேன். முடிவு அதுதான். பாக்கியம் சொன்ன இருபத்தொரு நாளில் இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். வளையத்தில் ஒரு இடத்தில் காற்றுப் போனது, அதனால் இன்னொரு பூச்சு. குறுக்குச் சட்டம் போடமாட்டேன், பெட்டிக்குள் பஞ்சு அடைக்கமாட்டேன். சத்தம் கேட்க மோசமாகத்தான் இருக்கும், அது எனக்கு இப்போதே தெரியும். தேவாரத்துக்குப் பேஸ் வேண்டாம் என்று நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். கோயில் சபை வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

எனக்கும் இப்போது வலக் காது மங்கிவிட்டது. கடையில் சாமான் வாங்கும்போது ஆட்களின் வாயைப் பார்க்கிறேன். எப்படிப் பார்ப்பது என்று உன்னிடம் படித்ததுதான்.

விரலில் சொலூஷன் காய்ந்து தோல் இழுபடுகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், வாசனை போகவில்லை. சாப்பிட உட்கார வேண்டும்.