சலீமின் இடது கை

ஐப்பசி, புதன்கிழமை

மாலையில் கோவளத்தில் சலீம் வீட்டு மாடியில் ரெகே பாட்டு கேட்டோம். கேசட் காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் இதே பைத்தியம். அடி விழும் இடத்தில் தட்டாதே, இரண்டு அடிக்கு நடுவில் தட்டு என்று ஊரையே திட்டுகிறவன் அவன். இன்று அவன் வலது கை ஒழுங்காகத் தட்டியது. இடது கை மட்டும் அடியின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

"இன்னாடா, தப்பா தட்டிகினு கீற?"

"கரீட்டாதான் கீது மச்சான். உன் காதுதான் பூட்ச்சி."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவே இல்லை. டீ கிளாஸும் அந்தக் கையிலிருந்துதான் நழுவியது. "நேத்தும் இப்டிதாண்ணா போட்டு ஒடச்சாரு" என்றாள் அவன் மனைவி.

கையை டாக்டரிடம் காட்டச் சொல்ல இப்போது கூப்பிட்டால் இருவருமே போனை எடுக்கவில்லை. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வேனை ஓட்டியபடி முட்டுக்காடு பாலம் ஏறுவான்.

கியர் போடுவது இடது கை.