பெரியக்காவின் பெயரில்

மார்ச் 3, செவ்வாய்

‘மாற்றத்துக்குத் தயாராகுங்கள்.’ சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். ஒரு மூலை பிடிக்கவில்லை, தொங்குகிறது. தொங்கட்டும்.

ஏப்ரல் முதல் தேதி புது மென்பொருள். அதற்கு ஆபீஸைத் தயார்செய்யும் பொறுப்பு என்னுடையது. ‘மாற்ற ஒருங்கிணைப்பாளர்.’ ஏன் நான்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் படிக்கிறேனாம். “படிக்கிற பொண்ணு, பக்குவமா சொல்லிக் கொடுப்ப” என்றார் மேலாளர். மற்றவர்கள் என்னைப் ‘புத்தகம்’ என்றே கூப்பிடுகிறார்கள். இனி வேறு பெயர் வைப்பார்கள்.

மார்ச் 5, வியாழன்

எனக்கே ஒழுங்காகப் புரிவதற்காக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. தொலைபேசி மேசையில் ஏழு பேர். எங்கோ லிஃப்ட் நிற்கும், அழைப்பு வரும், மெக்கானிக்கை அனுப்புவோம். பக்கத்தில் இருப்பவர் வேறு வேலையில் மாட்டியிருந்தால் இன்னொருவரை மாற்ற வேண்டும். மாற்ற மேலாளரின் ஒப்புதல் வேண்டும். மேலாளர் சாப்பிடுவார், கூட்டத்தில் இருப்பார், பல்வலிக்குப் போயிருப்பார். உள்ளே மாட்டியவருக்கு அதுவரை மூச்சு தாங்க வேண்டும்.

பெரியக்காவின் லாகினுக்கு மட்டும் ஒப்புதல் தேவையில்லை. மேசையில் மூத்தவர் அவர். இப்போதைய மென்பொருளை அமைத்தவன் எதையோ அவர் பெயருக்கு எதிரே மறந்து டிக் செய்துவிட்டான். ஆகவே தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, கடை திறப்பதுபோல, ஏழு கணினியிலும் தன் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுத்தான் தோளில் இருந்து பையை இறக்குவார். நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க அவர் பெயரில் வேலை செய்கிறோம். நானும்தான், சேர்ந்த நாளிலிருந்து.

மேலாளருக்குத் தெரியாதா? அவரே போனில் சொல்வார்: “என்னை ஏன் கேக்குற, பெரியக்காவுல போட்டு அனுப்பு.”

மார்ச் 9, திங்கள்

ஆலோசகர் வந்தார். சட்டையில் மடிப்பே இல்லை. ஜன்னலோரம் உட்காரும் அண்ணன் உடனே ‘இஸ்திரி’ என்று பெயர் வைத்துவிட்டார்.

இஸ்திரி பழைய பதிவுகளை வரைபடமாக்கிக் காட்டினார். ஒரே ஒரு கம்பம், பக்கத்தில் ஆறு எறும்பு. கம்பம் பெரியக்கா. எறும்புகள் நாங்கள். ஒருவர் மட்டும் ஒப்புதல் விதியைத் தொடர்ந்து மீறுகிறார், மற்ற ஆறு பேர் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. இது அவர் கண்டுபிடிப்பு.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பெரியக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்திலும் கம்பம் அதே உயரம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போனில் பாஸ்வேர்டைச் சொன்னார், ஜன்னல் அண்ணன் தட்டினார். ஆக, மயக்க மருந்திலும் மெக்கானிக் அனுப்பியிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

மேலாளர் சிரிக்கவில்லை. மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, செவ்வாய்

தெரியும் அந்த ஆளுக்கு. எல்லாம் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

புது மென்பொருளுக்கான பெயர்ப் பட்டியலைக் கொண்டுபோனேன். பெரியக்கா பெயரின்மேல் பேனாவை வைத்தார் மேலாளர்.

“இவங்கள இப்போதைக்கு சேர்க்காதே.”

“இப்போதைக்குன்னா சார்?”

“ரிப்போர்ட் மேல போயிடுச்சும்மா. மீறல்னு இருக்கு. நான் என்ன பண்ண?”

நீ என்ன பண்ண! வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லு. ‘நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்.’ அவ்வளவுதானே? நாக்கு என்ன கல்லா?

இதை அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்கும் நாக்கு கல்தான்.

மார்ச் 13, வெள்ளி

ஒரு பக்கம் எழுதினேன். நாங்கள் அனைவரும் இவர் பெயரில்தான் வேலை செய்தோம், அவசரத்துக்காகச் செய்தோம், மேலாளருக்குத் தெரிந்தே செய்தோம். கீழே ஆறு கையெழுத்துக்கு இடம்.

முதலில் ஜன்னல் அண்ணனிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“புத்தகம், அடுத்தவங்க பாஸ்வேர்டைப் போட்டா வேலை போகும்னு விதி இருக்கு.”

“கையெழுத்துப் போடலன்னா நாம வேலையே செய்யாதவங்கன்னு ஆயிடும்ண்ணா.”

“வேலை செய்யாதவங்கள பயிற்சிக்கு அனுப்புவாங்க. விதிய மீறினவங்கள வீட்டுக்கு அனுப்புவாங்க. எனக்குப் பயிற்சி போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது நகைச்சுவை. அடுத்த மேசையில் பெரியக்கா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: பயப்படாதீங்கம்மா, கதவைத் தள்ளாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு.

நான் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மேலாளர் கிழித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார். “நீ மாற்றக் குழுவுல இருக்கே, இதுல ஏன் தலைய விடுற” என்று எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மார்ச் 14, சனி

வீட்டில் சொன்னேன். அண்ணன் சோற்றிலிருந்து தலை தூக்காமல், “ஊருக்கெல்லாம் நீதான் வக்கீலா” என்றான். அண்ணி மட்டும் கேட்டாள்: “அந்தம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது. அதுதான்.

மார்ச் 18, புதன்

பயிற்சி வகுப்பு. முதல் பாடம்: உங்கள் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். வெட்கமில்லாமல் சொல்லிக்கொடுத்தேன். வெட்கமில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

பெரியக்கா கடைசி வரிசை. லாகின் இல்லாததால் பக்கத்து ஆளின் திரையை எட்டிப் பார்த்தபடி இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி. வகுப்பு முடிந்ததும் கேட்டார்: “எனக்கு எப்ப வரும்?”

“வரும்க்கா.”

வரும்க்கா! இதற்குத்தான் இரண்டு பட்டம் வாங்கினேனா?

மார்ச் 27, வெள்ளி

இன்று பெரியக்காவிடம் சொல்லிவிட்டார்கள். மாத முடிவோடு சரி.

இழுப்பறையைக் காலி செய்தார். முதுகுக்கு வைக்கும் தலையணை, ஒரு டம்ளர், தைலப் புட்டி. மற்ற ஐந்து பேருக்கும் அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. போன் ஒலிக்கவில்லை, காதில் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

படிக்கட்டு வரை தலையணையை நான் தூக்கிப் போனேன். பாதிப் படியில் நின்றார்.

“அன்னிக்கே தெரியும்ல உனக்கு? வரும்க்கான்னியே.”

திட்டவில்லை. தலையணையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 1, புதன்

தொடக்க விழா. கூட்ட அறையில் இஸ்திரி பேசினார், மேலாளர் பேசினார். மேசையில் ஆளுக்கு ஒரு புது லாகின்.

அழைப்பு. ஒரு பெண். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில், விளக்கும் போய்விட்டது. பக்கத்து மெக்கானிக் வேறு இடத்தில். மாற்றினேன். திரை சொன்னது: ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

மேலாளரின் போன் அணைந்திருந்தது. விழா அல்லவா. திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பேசுவதை நிறுத்திவிட்டாள், மூச்சு மட்டும் கேட்டது. எழுந்து ஓடி கூட்ட அறைக் கதவைத் திறந்தேன். தட்டாமல். எல்லோரும் திரும்பினார்கள்.

மேலாளர் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. மெதுவாகச் சொன்னார்: “என் பாஸ்வேர்டைப் போட்டுக்கோ. ஒவ்வொண்ணுக்கும் வந்து கதவைத் திறக்காதே.” சொன்னார் பாஸ்வேர்டையும். மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும்.

அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள். அதற்காக மகிழ்ச்சிதான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எல்லாத் திரைகளிலும் மேலாளர் பெயர். காலையில் வரிசையாக நடந்து தட்டிவிடுகிறார் ஜன்னல் அண்ணன். என் கணினியிலும். தடுக்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

முதல் மாத அறிக்கை. மறுபடி ஒரே கம்பம். இந்த முறை கம்பத்தின் பெயர் மேலாளர். தானே மெக்கானிக்கை மாற்றி, தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்கிறார். எல்லாமே மீறல். தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொன்னார். இதுவரை சொன்னதில்லை.

“நீ அன்னிக்கு ஒண்ணு எழுதினியே. இருக்கா?”

இருந்தது. கோப்பையின் வட்டக் கறையோடு. பெயரை மாற்றி அடித்துத் தரச் சொன்னார். மேசைக்குக் கொண்டுபோனேன். ஐந்து கையெழுத்து, தேநீர் ஆறுவதற்குள். ஜன்னல் அண்ணன் தேதியும் போட்டார், இரண்டு இடத்தில். “பாவம்ல மனுஷன்” என்றார்.

பாவமாம். மனுஷனாம். அப்போ அவங்க யாருடா?

என் கையெழுத்தும் வேண்டும், பயிற்சி கொடுத்தவள் நான். போடுவதற்கு முன் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: முன்பு பெரியக்காவின் பெயரிலும் நடந்தது இதுவே, அதுவும் மேலாளருக்குத் தெரிந்தே. இந்த வரியும் மேலே போனால்தான் என் கையெழுத்தும் போகும் என்றேன்.

“மிரட்டுறியா?”

“எழுதினேன் சார்.”

அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு உறையில் போட்டார்.

ஏப்ரல் 30, வியாழன்

போய்விட்டது. அண்ணியிடம் சொன்னேன். “இதை அப்பவே மேல அனுப்பியிருக்கலாம்ல?” என்றாள்.

அனுப்பியிருக்கலாம்.

மே 4, திங்கள்

பெரியக்கா வந்தார். பழைய நிலையில் அல்ல, ஆறு மாத ஒப்பந்தம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜன்னல் அண்ணன் தேநீர் கொண்டுவந்தார். “நீங்க இல்லாம மேசையே களையில்லக்கா” என்றார். குடித்தார்.

தலையணையை முதுகுக்கு வைத்தார். புது லாகினை நான்தான் தயார்செய்திருந்தேன். திரை எப்படி வரும், எங்கே அழுத்த வேண்டும் என்று பக்கத்தில் குனிந்து காட்டினேன். கவனமாகக் கேட்டார். ஒன்றை இரண்டு முறை கேட்டார்.

‘புதிய பாஸ்வேர்டைத் தேர்வுசெய்யவும்’ என்று வந்தது.

கண்ணாடியை இறக்கினார். இடக்கையை விசைகளுக்கு மேல் குடைபோல் கவித்து மறைத்துக்கொண்டு, வலக்கை ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.