குழாய்க்குத் தோல் இல்லை

நேற்று, எண் மட்டும் ஒட்டிய ஒரு குப்பியைத் திறந்தேன். குப்பென்று கிராம்பு வாசனை. இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. உடனே உன்மேல் எரிச்சல் வந்தது. செத்தும் விடமாட்டாயா நீ?

ரசாயனத்தைப் புரதத் துண்டோடு சோதனைக் குழாயில் கலந்து, அது ஒட்டுகிறதா என்று பார்த்தே தோல் ஒவ்வாமையைச் சொல்லிவிட முடியுமா? அந்தப் புது முறையை நம்பலாமா என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் நம் இருவர் வேலை. சோதிக்கிறவளுக்கு விடை முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது, அதனால்தான் குப்பியில் பெயர் இல்லை. ஆனால் உன் மூக்கிடம் எந்த எண்ணும் செல்லாது. திறந்த வேகத்தில் மூடி என் பக்கம் தள்ளுவாய். "என் மூக்கு காட்டிக் குடுத்துட்ச்சுடி. இன்மே நான் தொட்டா நாயம் இல்ல. நீ பாரு."

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பக்கம் இருக்கும் ஆய்வகத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வரும்போதெல்லாம் உனக்குக் கினிப் பன்றிகளைப் பற்றித்தான் பேச்சு. முதுகு மயிரை மழித்து, ரசாயனத்தைத் தடவி, சிவக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. "பாவம்டி, அதுங்களுக்குக் கத்தத்தான் தெரியும்," என்பாய். புது முறை தேறினால் அதுகளை அடைத்திருக்கும் அறையைப் பூட்டிவிடலாம். உனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, "இன்னா ஆச்சு, தேறிடுமா?" என்று அதையே கேட்டாய். நான் உன் காய்ச்சலைப் பற்றிக் கேட்க வந்தவள்.

நேற்றைய குப்பியை உன் வழக்கப்படியே பக்கத்து மேசைப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன். பாவம், அவளுக்கு ஜலதோஷம். இன்று மத்தியானம் முடிவோடு வந்தாள். ஒவ்வாமை இல்லை என்கிறது சோதனை.

சோதனை சொல்வது தவறு. கிராம்பு எண்ணெயின் சத்து சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. தோலுக்குள் போன பிறகுதான் அது மாறிக் கெடுதல் செய்கிறது. குழாய்க்குத் தோல் இல்லை, ஏமாந்துவிட்டது. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் முறை இது. இன்னொரு தவறு சேர்ந்தால் விழுந்துவிடும்.

மேலாளர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு தபா போட்டுப் பாரும்மா. எங்கனா மிஸ்டேக் ஆயிருக்கும்." ஆமாம், அவருக்கும் மூக்கு இருக்கிறது.

எனக்கும் ஆசைதான். மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். தண்ணீர் குடித்தேன், மறுபடி குடித்தேன். வேறு எந்தக் குப்பிக்கும் கேட்காத மறுசோதனை இதற்கு மட்டும் ஏன், பிடித்த விடை வரும்வரைக்குமா? நீ என்ன சொல்வாய் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. தெரிந்ததால்தான் பயம். "நாம ரசாயனத்த சோதிக்கலடி. சோதனையத்தான் சோதிச்சிகினு கீறோம்."

வந்ததை வந்தபடியே அனுப்பிவிட்டேன்.

அந்த அறையை இப்போதைக்குப் பூட்டமாட்டார்கள். நீ சொன்னபடிதான் செய்தேன், நீ ஆசைப்பட்டது நடக்கவில்லை. நாளைக் காலை அந்த வாசலைத் தாண்டும்போது அதுகள் கத்தும். கேட்டுக்கொண்டே போக வேண்டியவள் நான்தான், நீ இல்லை.