இடது பாதத்தில் ஒரு மச்சம்

அன்பான அண்ணே,

உங்கள் மகள் தேன்மொழிக்கு நேற்றுத் தையல் பிரித்தார்கள். வலது கெண்டைக்காலில் ஐந்து தையல். அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்தக் காலுக்காகத்தான், நீங்கள் போன இத்தனை வருஷமாக நான் திறக்காத வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் சொந்தக்காரர்கள் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "ஊசிக்குப் பயந்தே செத்தான்" என்கிறார்கள். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் உங்கள் பேச்சு வந்தால் அதில்தான் போய் முடியும். பத்து மாடி உயரத்துச் சாரத்தில் கம்பி கட்டிய மனுஷனை ஊசிக்குப் பயந்தவன் என்கிறார்கள். நானும் அங்கே உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நீங்களேதானே அப்படிச் சொல்லிவிட்டுப் போனீர்கள்? கடைசி மாதத்தில், தொடையிடுக்கில் கட்டி பெருத்து நடக்க முடியாமல் கிடந்தபோது அண்ணி அழுதுகொண்டே கேட்டார். "அப்பவே டாக்டரு வெட்டணும்னு சொன்னாராம்ல? ஏன் வெட்டிக்கல? ஏன்ங்க?" நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு அண்ணியிடம், "பயமா இருந்துச்சு, விடு" என்றீர்கள். நான் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அது பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாய் திறக்கவில்லை.

நடந்ததை உங்களுக்கே திருப்பிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் இதை நான் ஒரு தடவையாவது முழுசாக எழுத வேண்டும்.

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட், வருமானச் சான்று, வேலைக்கு விண்ணப்பம், எல்லா ஃபார்மும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். 'சாந்தி அடிச்சா திரும்பி வராது' என்று ஊரில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உங்கள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில், 'இடது பாதத்தில் ஒரு மச்சம்' என்று அடித்ததும் நான்தான். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் அப்படித்தான் இருந்தது. உடம்பில் வேறு மச்சமே கிடைக்காமல் பெஞ்சு மேல் காலைத் தூக்கி வைத்து வாத்தியாரிடம் காட்டியதை நீங்கள் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பீர்கள்!

சவுதிக்கு விசா வந்த சமயத்தில் அந்த மச்சம் பெருத்திருந்தது. மிளகளவு இருந்தது புளியங்கொட்டையளவு ஆகி, ஓரம் கோணிக்கொண்டு, செருப்பு உரசினால் கசிந்தது. புதுக்கோட்டைக்குப் போய்க் காட்டிவிட்டு, ஓ.பி. சீட்டோடு நேராக என் கடைக்குத்தான் வந்தீர்கள்.

"முழுசா வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பணுங்கிறாங்க சாந்தி. வர்ற வாரமே வரச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்? ஃபார்ம் விஷயம் ஒனக்குத்தான் தெரியும்."

நான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பக்கூட இல்லை. "பாஸ்போர்ட்ல அடையாளமே அந்த மச்சந்தான் அண்ணே. இப்ப வெட்டுனா இமிகிரேஷன்ல நிப்பாட்டிப்புடுவாங்க. போயிட்டு வாங்க, லீவுல வரும்போது வெட்டிக்கலாம்" என்றேன். ஏர்போர்ட்டை வெளியிலிருந்துகூடப் பார்க்காதவள் நான்.

நீங்கள் சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனீர்கள். அங்கே போய் இறங்கிய அன்று போன் போட்டு, "மூஞ்சியையும் வெரலையுந்தான் பாத்தாங்க, காலை ஒருத்தனும் கேக்கல சாந்தி" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன் அண்ணே. அங்கேயே ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்ல அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லையே, ஏன்?

இரண்டு வருஷம் அந்தக் காலோடு கனத்த ஷூ போட்டு வெயிலில் நின்றீர்கள். திரும்பி வந்தபோது வெட்டினால் தீர அது பாதத்தில் மட்டும் இல்லை, புற்றாகித் தொடையிடுக்கு வரை ஏறியிருந்தது.

இப்போது தேன்மொழிக்கு வருகிறேன். பத்தொன்பது வயதாகிறது. போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறாள். காலையில் எழுந்து ஓடுகிறாள். போன மாதம் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கெண்டைக்கால் மச்சத்தை அண்ணி பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்பழுப்பு, ஓரம் கோணல். மூன்று பேருமாக அன்றைக்கே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

தோல் டாக்டர் ஒரு பெண். பொறுமையாகச் சொன்னார். "சாதா மச்சம்னா மேலாகச் சீவி எடுக்கலாம், கரண்ட் வச்சுச் சுடலாம், லேசரும் இருக்கு. இது மாறிக்கிட்டு இருக்கிற மச்சம். சுட்டுட்டா டெஸ்ட் பண்ண எதுவும் மிஞ்சாது. சுத்தி இருக்கிற தோலையும் கொஞ்சம் சேர்த்து முழுசா வெட்டி அனுப்பிடலாம். மரத்துப்போக ஊசி, அரை மணி நேரம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உங்கள் மகள் சொன்னாள்: "இப்ப வேணாம் அத்தை. சர்டிபிகேட்ல அடையாளம் அந்த மச்சந்தான். நீங்கதானே ஃபார்ம்ல அடிச்சீங்க? வெரிஃபிகேஷன் முடியட்டும், அப்புறமா வெட்டிக்கிறேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "வேல போயிடுமோ? நீ சொல்லு சாந்தி. ஃபார்ம் விஷயம் ஒனக்குத்தான் தெரியும்."

உங்கள் சீட்டு அன்று என் பையில் இருந்தது. தேவைப்படும் என்று தெரிந்துதான் கடை மேசை டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்தேன். எடுக்க மனம் வராமல்தான் அதுவரை உட்கார்ந்திருந்தேன். இப்போது எடுத்துத் தேன்மொழியிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் படித்தாள். உங்கள் பெயர், வயது, இடது பாதம், முழுதாக வெட்டிப் பரிசோதனை, தேதி. "அத்தை, இது அப்பா சவுதிக்குப் போறதுக்கு முந்தி உள்ளதுல்ல?" என்றாள்.

"ஆமா. நான்தான் வெட்ட வேணாம்னேன். நீ இப்ப சொன்ன இதே காரணத்தைத்தான் சொன்னேன். ஒங்கப்பா பயப்படல. நான் சொன்னதைக் கேட்டாரு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்து தனியாக டாக்டர் அறைக்குப் போனாள். "எப்ப வரணும் டாக்டர்?" என்று கேட்டது வெளியே எங்களுக்குக் கேட்டது. அண்ணி அந்தச் சீட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து அண்ணிக்கு என்னோடு பேச்சு இல்லை. வெட்டிய பிறகு புண்ணைப் பார்த்துக்கொள்ள நான் தினமும் போனேன். இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது, பிறகு மெதுவாகக் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து போட்டுத் துணி ஒட்ட வேண்டும். காலில் போட்ட தையல் ஆறச் சுணங்குமாம், ஒரு மாதம் ஓடக்கூடாது. அண்ணி மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார். நான் கூடாது என்றேன். "கத்திரிக்காயாவது ஆகுமா ஆகாதான்னு ஒங்க அத்தைட்ட கேளு" என்றார் மகளிடம். ஒரு கை தூரத்தில் நான் இருக்கிறேன். "திங்கலாமாம், அம்மா" என்று தேன்மொழி எனக்காகப் பதில் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை காலை நீட்டிக்கொண்டு, தான் ஓடுகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நேற்றுத் தையல் பிரிக்கும்போது ரிசல்ட்டும் வந்திருந்தது. புற்று இல்லை அண்ணே. மாற ஆரம்பித்திருந்ததாம். ஓரம் வரை முழுசாக எடுத்தாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உடம்பு முழுக்கக் காட்ட வேண்டும். 'அடையாள மச்சம் அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டது, அவ்விடத்தில் தழும்பு உள்ளது' என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சர்டிபிகேட்டோடு இதைக் காட்டினால் போதுமாம். ஒரே ஒரு தாள்! அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் அழுதேன். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். இந்தத் தாளை உங்களுக்கு வாங்கித் தர எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அப்போதுதான் அண்ணி நேராக என்னிடம் பேசினார். "அன்னைக்கு நான் கேட்டப்பக்கூட ஒன்னையக் காட்டிக் கொடுக்காமப் போயிட்டாக. அவுக போனதுக்கப்புறமும் நான் கோழை கோழைன்னு வஞ்சுக்கிட்டே கெடந்தேன் சாந்தி. ஊரு வைய, நானும் வஞ்சேன்."

"மன்னிச்சிருங்க அண்ணி" என்றேன்.

"என்னால முடியல. இப்பக் கேக்காத." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வர்ற திதிக்கு எல்லாரும் வருவாக. பந்தி போடறதுக்கு முந்தி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீ சொல்லணும். அந்தச் சீட்டு எங்கிட்டதான் இருக்கு. நீ சொல்லலேன்னா நான் படிச்சுக் காட்டுவேன்."

அண்ணி அதைப் படிக்க வேண்டியிருக்காது. உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று நானே சொல்லிவிடுகிறேன் அண்ணே. எங்கண்ணன் ஊசிக்குப் பயந்தவர் இல்லை, வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுத்தான் வந்தார், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்வேன். அதற்கப்புறம் என்னோடு யார் பேசுவார்கள், என் கடைக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. நீங்கள் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வைக்கு இப்போதாவது பதில் சொல்கிறேன்.

நீங்கள் காட்டிக் கொடுக்காத தங்கச்சி,
சாந்தி